பூநாரைக்குப் பின்னால் உப்பு மேடு

வேதாரண்யம் வரைக்கும் கண்ணுக்குப் பிடிமானம் இருக்கிறது. தென்னந்தோப்பு, மாங்கொல்லை, முல்லைக் கொல்லை, கோயில் கோபுரம், 2018 கஜா புயலில் தலை முறிந்து இன்னும் அப்படியே நிற்கும் ஒன்றிரண்டு மரங்கள் என்று நிமிர்ந்து நிற்பது ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணைக் கடந்ததும் எல்லாம் படுத்துவிடுகிறது. மேலே வானம், நடுவில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே தண்ணீர் அல்லது சேறு அல்லது உப்பு. கொடைக்கானல், வால்பாறை என்று மலையிலேயே படம் எடுத்துப் பழகியவர்களுக்குக் கோடியக்கரையில் முதல் ஒரு மணி நேரம் கை ஓடாது. எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேமராவை எடுப்பதும் இறக்குவதுமாக இருப்பார்கள்.

மலைச் சரிவில் கேமரா கொஞ்சம் சாய்ந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இங்கே தொடுவானம் ஒன்றுதான் படத்தில் இருக்கும் ஒரே கோடு. அது அரை டிகிரி கோணினாலும், சாய்த்துப் பிடித்த தாம்பாளத்துத் தண்ணீராகப் படம் முழுக்க ஒரு பக்கம் வழிகிறது. 6,000 புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு டிகிரி சாய்வு என்றால் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 100 புள்ளிக்கு மேல் ஏற்ற இறக்கம். வீட்டுக்குப் போய்க் கணினியில் நேராக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் படத்தைச் சுழற்றியதும் நாலு மூலையும் வெளியே துருத்தும். அதை நறுக்கியாக வேண்டும். ஒரு டிகிரிக்குப் பரப்பில் 5 சதவீதம் போகும், இரண்டு டிகிரிக்கு ஏறக்குறைய 10 சதவீதம். ஓரத்தில் நின்ற பறவையின் அலகு அந்த 5 சதவீதத்துக்குள் இருந்தால், நேரான தொடுவானமும் அலகில்லாத பறவையும் கிடைக்கும். கேமராவுக்குள்ளேயே மட்டம் காட்டும் வசதி இருக்கிறது. மற்ற ஊர்களில் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மாசி மாதம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையோடு வந்த வலசைப் பறவைகள் முழுக்கக் கிளம்பியிருக்காது. மழை ஓய்ந்து உப்பளங்களில் வேலையும் தொடங்கியிருக்கும். பறவையும் உப்பும் ஒரே சட்டகத்தில் கிடைக்கிற பருவம் அது. பறவைக்காக மட்டும் வருகிறவர்கள் மார்கழியை விரும்புவார்கள்.

கூட வந்த நண்பர் கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஞாயிறு தவறாமல் கேமராவோடு கிளம்பிவிடுவார். போட்டிக்குப் படம் அனுப்புவது அவருடைய பெரிய பித்து. எந்த சலூனுக்குக் கடைசித் தேதி எது, எந்த நடுவருக்கு எது பிடிக்கும் என்று விரல்நுனியில் வைத்திருப்பார். (படப் போட்டிக் கண்காட்சிக்கு சலூன் என்றுதான் பெயர். முடிவெட்டும் கடைக்கும் அதற்கும் வெட்டுவது ஒன்றுதான் பொது.) எனக்கு அந்தப் பித்து இல்லை. ஆனால் அவரோடு போனால் ஒரு லாபம்: என்ன எடுக்கிறோம் என்பதைவிட, எதை விடுகிறோம் என்பதைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை கோடியக்கரை. சோழநாட்டுக் கரை இங்கே வந்து சட்டென்று மேற்கே மடங்குகிறது. 1967-இல் வெளிமானைக் காப்பதற்காகச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-இல் பக்கத்துச் சதுப்பு நிலங்களையும் சேர்த்து ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காடு, புல்வெளி, உவர்ச் சேறு, கடல் என்று நாலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டுப் பூங்குழலியைத் தேடி வருகிறவர்களே இன்றும் அதிகம் என்று சோதனைச்சாவடியில் சொன்னார்கள். அவர்களும் படம் எடுக்கிறார்கள், பெரும்பாலும் தங்களையே.

விடிந்தும் விடியாத நேரத்தில் புல்வெளி ஓரம் வண்டி நின்றது. கூட வந்த வனத்துறை வாட்சர் அண்ணன் இறங்க விடவில்லை. கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பில் நண்பர் தன் பையை வைத்தார்: பழைய ஜீன்ஸ் பேண்டின் காலை வெட்டி, இரு முனையும் தைத்து, உள்ளே உளுந்து நிரப்பியது. கடையில் விற்கும் பையைவிட அது லென்ஸை நன்றாக ஏந்தும். காட்டுக்கு வேலையில்லாத மாதத்தில் இட்லிக்கு ஊறப்போடலாம் என்பார்.

சுமார் நூறு அடியில் ஓர் ஆண் வெளிமான். முதுகும் கழுத்தும் கருப்பு, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை. படம் எடுப்பவனைச் சோதிப்பதற்கென்றே நிறம் பூசிய விலங்கு இது. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருப்பு மான் சட்டகத்தை நிறைத்தால் 'இருட்டாக இருக்கிறது' என்று முடிவுகட்டி வெளிச்சத்தை ஏற்றிவிடும். கண் வளையத்தின் வெள்ளை வெந்துபோகும். வெந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே தகவலே பதிவாகியிருக்காது. கருப்புக்குள் புதைந்திருப்பதையோ, 'ரா' என்கிற மூலக் கோப்பாக எடுத்திருந்தால், ஓரளவு தோண்டி எடுக்கலாம். ஆகவே கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு நிழலைத் தூக்குவதே இந்த மானுக்குச் சரி. வெயிலில் நிற்கும் பூநாரைக்குக் கணக்கு வேறு: அங்கே சட்டகம் முழுக்க வெள்ளை என்றால் கேமரா அதை அழுக்காக்கும், சற்று ஏற்ற வேண்டும்.

கொம்பு அடுத்த சிக்கல். முறுக்கி முறுக்கி மேலே போகும் அந்த வளையங்கள்தான் மானின் அழகு. பின்னால் சீமைக் கருவேலப் புதர் இருந்தால் முறுக்கும் முள்ளும் ஒன்றாகக் கலந்து, கொம்பு எது கிளை எது என்று தெரியாது. வண்டியை நாலடி முன்னால் நகர்த்தச் சொன்னோம். புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே ஒரு துண்டு வானம் இருந்தது. கொம்பு அதற்குள் போய் உட்கார்ந்தது. படம் அமைப்பது என்பதில் முக்கால்வாசி இந்த நாலடிதான். மூன்றில் ஒரு பங்கு விதி, தங்க விகிதம் என்றெல்லாம் வகுப்பெடுப்பார்கள். கேட்டுக்கொள்ளலாம். புதருக்குள் புதைந்த கொம்பை எந்த விகிதமும் வெளியே எடுக்காது.

எல்லாம் கூடிவந்தபோது பின்னால் மூன்று குதிரைகள் வந்து நின்றன. வீட்டு வளர்ப்பிலிருந்து எப்போதோ அவிழ்ந்து காட்டோடு கலந்துவிட்ட மட்டக்குதிரைகள் கோடியக்கரையில் நிறைய உண்டு. மான் மேயும் அதே புல்லை மேய்வதால் அவற்றின் எண்ணிக்கை வனத்துறைக்கு நெடுநாள் தலைவலி.

"குதிரை நகரட்டும், காத்திருப்போம்" என்றார் நண்பர்.

"சார், குதிரை போவாது" என்றார் வாட்சர். "மானுதான் போவும்."

அப்படியே ஆனது.

நண்பர் காத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஃபியாப் என்கிற சர்வதேசக் கூட்டமைப்பும், அமெரிக்கப் புகைப்படச் சங்கமும், பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியும் சேர்ந்து இயற்கைப் படம் என்பதற்கு ஒரு பொது வரையறை வகுத்து, 2015 முதல் அதன்படியே போட்டிகளை நடத்துகின்றன. வளர்ப்பு விலங்கும், வளர்ப்பிலிருந்து காடேறிய விலங்கும் அதில் செல்லாது. மனிதனும் மனிதன் உண்டாக்கியதும் சட்டகத்தில் இருக்கக் கூடாது. கூரையில் கூடு கட்டும் நாரை, களஞ்சியத்தில் வாழும் ஆந்தை என மனிதச் சூழலுக்குப் பழகிவிட்ட உயிர்களின் கதைக்கு மட்டும் விலக்கு. எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, அழிக்கவோ கூடாது. கேமரா உண்டாக்கிய தூசிப் புள்ளியையும், மணல் தூவியதுபோலத் தெரியும் இரைச்சலையும் மட்டும் துடைக்கலாம். அழிக்கக் கூடாது என்ற இடத்திலேயே சின்னதாக ஒரு விலக்கும் இருக்கிறது: வெட்டுவது நீங்கலாக.

அதாவது மானுக்குப் பின்னால் நிற்கும் குதிரையை மென்பொருளால் அழித்தால் மோசடி. அதே குதிரை ஓரத்தில் நின்று, நான் ஓரத்தையே நறுக்கி எறிந்தால் கலை. இரண்டிலும் பார்க்கிறவருக்குப் போய்ச் சேருவது குதிரை இல்லாத கோடியக்கரைதான். இந்த விதியை நான் குறை சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும். நறுக்கிய படத்தில் எஞ்சியிருப்பது அத்தனையும் அந்த நொடியில் அந்த இடத்தில் இருந்தது. அழித்த படத்திலோ, குதிரை நின்ற இடத்தில் இல்லாத புல் முளைத்திருக்கும். அந்த வித்தியாசம் பெரிது. ஆனாலும் அழிப்பதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம், வெட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இயற்கைப் படத்தில் நடக்கும் பெரிய தேர்வுகள் எல்லாம் அந்த விலக்குக்குள்தான் நடக்கின்றன.

வெயில் ஏறியதும் சேற்று நிலத்துக்கு வந்தோம். தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு வரிசை. தொலைநோக்கியில் பார்த்தால் பூநாரைகள், தலையைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் உள்ளான் கூட்டம், ஒன்றிரண்டு கரண்டிவாயன்கள். பூநாரையை நெருங்க முடியாது. ஒன்று தலை தூக்கினால் அடுத்தடுத்துத் தூக்கும், பிறகு மெல்ல நடக்கத் தொடங்கும், அதற்கும் மேலே போனால் கூட்டமே எழும்பும். எழும்பும்போது இறக்கைக்குள்ளிருந்து அடர்சிவப்பும் கருப்பும் விரிவது பார்க்கப் பிரமாதமாக இருக்கும் என்பதால், அந்தப் படத்துக்காகவே கைதட்டிக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரைக்காக இறங்கிய பறவையை வேண்டுமென்று பறக்க வைப்பது அதன் சாப்பாட்டைப் பிடுங்குவது. அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் மரியாதை இல்லை.

நெருங்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பிறகு நறுக்கும்போது கட்டுகிறோம். 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6,000-க்கு 4,000 புள்ளி. அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் 2,000-க்கு 1,333. அதாவது 24-இல் ஒன்பதில் ஒரு பங்கு, மூன்று மெகாபிக்சலுக்கும் குறைவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஏழு அங்குல அகலம்கூட வராது. கைப்பேசித் திரைக்கு அது தாராளம், சுவரில் மாட்டக் காணாது. படம் சின்னதாவது மட்டுமல்ல. லென்ஸின் சிறு மங்கல், கை நடுக்கம், இரைச்சல் எல்லாம் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும்.

கோடியக்கரையில் இன்னொன்றும் பெரிதாகும்: கானல். காலை எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் சேறு சூடாகி, அதன் மேல் காற்று அடுக்கடுக்காக வேறு வேறு வெப்பத்தில் அலையத் தொடங்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒளியைக் கொஞ்சம் வளைக்கும். இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரையின் கழுத்து நெளியும். லட்ச ரூபாய் லென்ஸ் போட்டாலும் நெளியும். லென்ஸுக்கு வருமுன்பே காற்று படத்தைக் கெடுத்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை. பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கு, தரையோடு படு என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், நல்ல பாடம்தான். ஆனால் தரையை ஒட்டித்தான் கானல் மிக மோசம். இங்கே விடியலில் படுத்து எடுக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் எழுந்து நின்று எடுப்பதே மேல். பத்து மணிக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது உத்தமம்.

நாங்கள் போகவில்லை. உப்பளத்துப் பக்கம் இன்னொரு கூட்டம் இறங்கியிருப்பதாக வாட்சர் சொன்னார். உப்பளம் என்றால் பாத்தி ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது. உவர்நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்தி, வெயிலில் சுண்டவிட்டு, அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக் கடைசிப் பாத்தியில்தான் உப்பு உறையும். கடைசிப் பாத்தியில் பறவைக்கு ஒன்றும் இல்லை. முன்னால் உள்ள தேக்கங்களில் உவர் இறாலும் பாசியும் இருக்கும், அங்கேதான் பூநாரை. ஆக, அது நிற்கிற இடத்துக்குப் பின்னால் எப்படியும் ஒரு வரப்பு, ஒரு மோட்டார் கொட்டகை, கீற்று மூடிய உப்பு மேடு, மின்கம்பம், நீளக் கம்பில் பலகை மாட்டி உப்பு வாரும் ஆட்கள் என்று ஏதாவது வரும்.

நண்பர் வரப்புக்கு மேலே எதுவும் வராதபடி இறுக்கிப் பிடித்தார். தண்ணீர், அதில் ஏழு பூநாரைகள், அவற்றின் தலைகீழ் நிழல். தொடுவானமே இல்லை. சுத்தமான படம், நானே பொறாமைப்பட்டேன். நான் லென்ஸைப் பின்னுக்கு இழுத்து அகலமாக எடுத்தேன். தொடுவானத்தை மூன்றில் ஒரு பங்கில் வைக்காமல், ஏறக்குறைய மேல் விளிம்பில் தள்ளினேன். அந்த மெல்லிய பட்டைக்குள் வெள்ளை உப்பு மேடும், தலையில் துண்டு கட்டிய மூன்று பேரும், கொட்டகையும் அடங்கின. கீழே முழுக்கத் தண்ணீரும் பறவையும். உப்பு மேட்டின் வெள்ளைக்கும் பறவையின் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படத்தில்தான் தெரிந்தது. உப்பு நீலம் கலந்த வெள்ளை, பறவை அப்படியில்லை.

வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"என்ன தம்பி, குருவியா புடிக்கிறீங்க?"

"ஆமாங்க அக்கா."

"காட்டுங்க பாப்போம்."

நண்பர் முதலில் தன் திரையைக் காட்டினார். பெரிதாக்கிப் பறவையின் கண் வரை காட்டினார். அந்த அம்மா நன்றாகப் பார்த்தார். "ரொம்ப லெட்சணமா இருக்கு தம்பி. இது எந்த ஊருல எடுத்தது?"

என் படத்தைப் பார்த்ததும் விரல் நேராகக் கொட்டகைக்குப் போனது. "இது நம்ம மோட்டார்க் கொட்டாயில்ல? அதான் இங்கிட்டு நிக்குது. மோட்டார் ஓடுறப்ப ஒண்ணுகூட இந்தப் பக்கம் வராது. நிப்பாட்டிக் கொஞ்ச நேரத்துல எறங்கிரும். நாளைக்கு வெள்ளன வாங்க, மோட்டார் ஓடாது."

அவர் சொன்னபடி மறுநாள் விடியலில் போனோம், மோட்டார் ஓடவில்லை, பூநாரைகள் முந்தைய நாளைவிடப் பாதித் தூரத்தில் நின்றன. நண்பரின் மிக நல்ல படம் அன்றைக்குக் கிடைத்ததுதான். மோட்டார் பற்றிய இந்தத் தகவல் எந்தப் பறவைக் கையேட்டிலும் இருக்காது. படத்தில் கொட்டகை இருந்ததால் வந்தது.

இரவு வேதாரண்யத்தில் அறை. ஃபேன் காற்றில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம். வெறும் வானமும் வெறும் தண்ணீருமாக எடுத்துவிட்டு வந்தால் முதலில் கண்ணில் படுவது தூசி. கேமராவின் சென்சாரில் ஒட்டிய ஒரு துகள் காட்டுப் படத்தில் இலைக்குள் ஒளிந்துகொள்ளும்; கோடியக்கரை வானத்தில் வட்டப் புள்ளியாக நிற்கும். துவாரத்தை எஃப்16 என்று சுருக்கி எடுத்திருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதைத் துடைப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் துடைக்கும்போது கை நிதானிக்க வேண்டும்: நண்பர் வேகமாக அழித்துக்கொண்டே போனபோது ஒரு புள்ளியில் நிறுத்தச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தால் அதற்கு இறக்கை இருந்தது. தூரத்தில் பறந்த ஆலா.

அடுத்தது நிறம். பூநாரை என்றால் எல்லோருக்கும் இளஞ்சிவப்பு வேண்டும். உண்மையில் இங்கே அதிகம் காணும் பெரிய பூநாரை ஏறக்குறைய வெள்ளை, மேலே லேசாகச் செம்மை தெளித்தது. அந்தச் செம்மையும் பிறவியில் வருவதல்ல, தின்னும் இரையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவை சாம்பலும் பழுப்புமாக இருக்கும், சிவக்கச் சில ஆண்டுகள் ஆகும். மென்பொருளில் நிறச் செறிவுக் கோலை வலப்பக்கம் தள்ளினால் முதிர்ந்த பறவை ரோஜாப் பூவாகும். இளம் பறவையின் பழுப்பும் ஏதோ ஒரு செம்மண் நிறத்துக்குப் போய், கூட்டத்தில் எத்தனை இளசு எத்தனை முதிர்ந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். ஒரு கூட்டத்தில் இளம் பறவைகள் எவ்வளவு என்பது பறவை ஆய்வாளர்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று. சிறிய பூநாரைக்கு அலகே அடர்சிவப்பு, பெரியதற்கு இளஞ்சிவப்பில் கருப்பு முனை. நிறத்தைப் பிசைந்தால் இனமே மாறிப்போகும். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "கோலை நான் பத்துக்கு மேல தள்ள மாட்டேங்க" என்றார். எதில் பத்து என்று கேட்கவில்லை.

அதைவிட எனக்குப் பயம், இப்போது வந்திருக்கும் கூர்மையாக்கும் மென்பொருள்கள். மங்கலாக நறுக்கிய சிறு படத்தைக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு இறகை இறகாக வரைந்து தருகிறது. நண்பர் ஒரு கொசு உள்ளானைப் போட்டுக் காட்டினார். மூலப் படத்தில் அந்தப் பறவை மொத்தமே நூற்றைம்பது புள்ளி அகலம். பொத்தானை அழுத்தியதும் தோள் இறகின் விளிம்புகள் வரிவரியாக வந்தன, அலகு பளிச்சென்று முடிந்தது. அழகுதான். ஆனால் அந்த வரிகளைக் கேமரா பார்க்கவில்லை. வேறு ஆயிரக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து மென்பொருள் ஊகித்திருக்கிறது. உள்ளான் குடும்பத்தில் இந்த ஊகம் ஆபத்து. ஒரு காலத்தில் கோடியக்கரையில் பதிவான கரண்டிமூக்கு உள்ளான் இன்று உலகிலேயே மிக அரிய கரையோரப் பறவைகளில் ஒன்று. குளிர்கால உடையில் அது பார்வைக்குக் கொசு உள்ளானாகவே தெரியும், அலகின் நுனி தட்டையாக விரிந்திருப்பதுதான் அடையாளம். பத்துப் புள்ளி அகலமுள்ள அந்த நுனியை மென்பொருள் 'சரிசெய்து' கூராக்கினால் ஓர் அரிய பதிவு போச்சு. அல்லது மங்கலான ஒரு கொசு உள்ளானின் நுனியை அகலமாக்கிவிட்டால் பெரிய புரளி ஒன்று கிளம்பும்.

திருத்தல் என்பதே புதுப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இருட்டறைக் காலத்திலும் பெரிதாக்கியின் கீழே சட்டத்தை நகர்த்தி நறுக்கினார்கள். கையால் மறைத்து ஓர் இடத்தை வெளுப்பாக்கினார்கள், இன்னோர் இடத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்துக் கருப்பாக்கினார்கள். தூசி விழுந்த வெள்ளைப் புள்ளியை மெல்லிய தூரிகையால் மை தொட்டு மூடினார்கள். நம் ஊர் மா. கிருஷ்ணன் (1912–1996), அ. மாதவையாவின் மகன், வாழ்நாள் முழுக்கக் காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். பல கேமராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். நிறத்தையே விட்டுவிட்ட அந்தப் படங்களை யாரும் பொய் என்று சொன்னதில்லை. கருப்பு வெள்ளை, தான் என்ன விட்டுவிட்டேன் என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஏற்றிய ரோஜா நிறம் அதைச் சொல்வதில்லை.

வெட்ட முடியாமல் போய் நகர்த்திய கதை ஒன்றும் உண்டு. 1982 பிப்ரவரி 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழின் அட்டைக்கு எகிப்தியப் பிரமிடுகளின் படம் வந்தது. படம் கிடைவாக்கு, அட்டை நெடுவாக்கு. ஓரத்தை நறுக்கினால் பிரமிடு போகும். கணினியில் பிரமிடை நகர்த்தி நெருக்கிவிட்டார்கள். இன்றுவரை படத் திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இன்னொரு பக்கம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டுப் போட்டியில் 2009-இன் முதல் பரிசு, வேலிக் கதவைத் தாண்டும் ஓர் ஓநாய்க்குப் போனது. அது பழக்கிய ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து மறு ஆண்டு தொடக்கத்தில் பரிசைப் பறித்தார்கள். 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படமும், அது பாடம்செய்த உடல் என்ற முடிவின் பேரில் 2018-இல் நீக்கப்பட்டது. இரண்டு கலைஞர்களும் மறுத்தார்கள். இந்த இரண்டு வழக்கிலும் யாரும் படத்துக்குள் எதையும் அழித்ததாகவோ சேர்த்ததாகவோ குற்றச்சாட்டு இல்லை. தகராறு எல்லாம் கேமராவுக்கு முன்னால் என்ன நின்றது என்பதில்தான்.

நண்பர் தன் ஏழு பூநாரைப் படத்தைப் போட்டிக்கு வைத்துக்கொண்டார். என்னுடையதை அனுப்பச் சொல்லிப் பார்த்தார். ஆட்கள் இருக்கிறார்களே என்றேன். "நாரைக்கும் ஆந்தைக்கும் விலக்கு கொடுத்திருக்கான். உப்பளத்துப் பூநாரை அதுக்குள்ள வரும்னு வாதாடலாம். ஜட்ஜுக்கு ஜட்ஜ் மாறும்." வாதாட எனக்குப் பொறுமை இல்லை. அந்தப் படத்தை வெட்டாமல் வைத்துக்கொண்டேன். தொடுவானத்தை மட்டும் ஒரு முடி அளவு நேராக்கினேன். கோப்பின் குறிப்பில் ஊர், மாதம், தேக்கத்துக்குப் பின்னால் மோட்டார் என்று எழுதினேன். வெளிமான் படத்தில் குதிரைகளை வைத்திருக்கிறேன். ஒன்று பாதி உடம்போடு ஓரத்தில் நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் வெட்டாமல் மறுபக்கம் கொஞ்சம் வெட்டிப் படத்தைச் சமன்செய்தேன். வெட்டுவதே பாவம் என்கிற கட்சியில் நான் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும்போதுதான் கடைசி ஆபத்து. கேமராப் படத்தின் விகிதம் மூன்றுக்கு இரண்டு. 12-க்கு 18 அங்குலம் கேட்டால் அப்படியே பொருந்தும். 8-க்கு 10 கேட்டால் நீளத்தில் வெட்டியாக வேண்டும், எங்கே வெட்டுவது என்பதை லேப்பில் இருக்கும் பையன் முடிவுசெய்வான். ஒருமுறை ஒரு லேப்பில் 8-க்கு 10 போட்டு வாங்கியபோது கரண்டிவாயனுக்குக் கரண்டி இல்லாமல் வந்தது. அதோடு அவர்களுடைய எந்திரம் எல்லாப் படத்துக்கும் தானாகவே நிறம் ஏற்றும். கல்யாண ஆல்பத்துக்கு அது தேவை. ஆகவே இந்தமுறை 12-க்கு 18 என்று எழுதி, பக்கத்தில் 'கலர் கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். கவுண்ட்டரில் இருந்தவர் திரையில் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், பறவை கொஞ்சம் டல்லா இருக்கே, ஏத்திடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்களே, அதை எடுத்துடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை, தனியா காசு இல்ல" என்றார்.